நாய்களை வதைக்கும் ஆய்வு நம் வரிப்பணத்தில் வேண்டாம்: நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே காண்டனில் பதினேழு வருடமாகக் குடியிருக்கிறோம். மிச்சிகன் மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகங்களில் நாய்களுக்கு வலியும் தவிப்பும் தரும் சோதனைகளைத் தடைசெய்ய 'குவீனி சட்டம்' என்று ஒரு மசோதா பேசப்படுகிறது. அதற்கு ஆதரவாகக் கையெழுத்து வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. தமிழ்ப் பள்ளி வாசலில், பிள்ளைகள் வெளியே வரும்வரை காரில் காத்திருக்கும் பெற்றோரிடம்தான் அதிகம் பேசியிருக்கிறேன். அங்கே கேட்ட கேள்விகளைக் கேட்டபடியே போட்டிருக்கிறேன். சிலர் கோபமாகக் கேட்டார்கள். அவற்றையும் விடவில்லை.

குவீனி யார்?

வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி இருக்குமே, அந்த டால்மேஷன் வகையில் கலப்பு நாய். மிச்சிகனில் ஒரு நாய்க் காப்பகத்தில் இருந்தாள். யாராவது வந்து வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள் என்றுதான் காப்பகத்தில் விடுவார்கள். குவீனியைக் கூட்டிப்போனது ஒரு வியாபாரி. அவர் கை மாறி டெட்ராய்ட்டில் இருக்கும் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இதய ஆய்வுக்குப் போய்ச் சேர்ந்தாள். 2010-ல் அங்கேயே இறந்தாள். அவளைப் பற்றிய ஆய்வகக் குறிப்புகள் பின்னால் வெளியே வந்தன. அதனால்தான் அவள் பெயர் தெரிகிறது. மற்ற நாய்கள் எண்களாகவே போய்விட்டன.

அந்த ஆய்வில் நாயை என்னதான் செய்கிறார்கள்?

இதைப் படிக்க மனம் வராதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். நான் சொல்வது வாஷிங்டனில் இயங்கும் பிசிஆர்எம் என்ற மருத்துவர்கள் அமைப்பு, பல்கலைக்கழகத்தின் ஆவணங்களைச் சட்டப்படி கேட்டு வாங்கி வெளியிட்டது.

ரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும்தான் ஆய்வுப் பொருள். 1991-ல் தொடங்கி முப்பது ஆண்டுக்கு மேல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிதியில் ஓடியிருக்கிறது. நல்ல ஆரோக்கியமான நாயைத் தேர்ந்தெடுத்து மார்பைத் திறப்பார்கள். பெரிய ரத்தக்குழாய்களைச் சுற்றி அளவுக் கருவிகளைப் பொருத்துவார்கள். கருவிகளின் ஒயரும் குழாயும் தோலுக்கு அடியிலேயே ஓடி, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகுவழியாக வெளியே வரும். ஒரு அறுவையோடு முடிவதில்லை. புண் ஆறியதும் நாயை ட்ரெட்மில்லில் ஓடவிடுவார்கள். ஓடும்போதே ரத்த ஓட்டத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். செயற்கையாக இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து வாரக்கணக்கில் அப்படியே விட்டால் இதயம் தளர்ந்துபோகும். அப்போதும் ட்ரெட்மில். அறுவையிலேயே சாகும் நாய்கள் உண்டு, பொருத்திய கருவி பழுதாகிச் சாகும் நாய்கள் உண்டு. பிழைத்தவை ஆய்வு முடியும்போது கொல்லப்படும்.

பல்கலைக்கழகத்தின் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் ஆய்வு மத்திய அரசின் விதிகளுக்கு உட்பட்டது, அனுமதி பெற்றது, இதய நோயாளிகளுக்கு உதவக்கூடியது என்கிறார்கள். விதிகளுக்கு உட்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த விதிகள் இதை அனுமதிப்பதுதான் எனக்குச் சங்கடம்.

மயக்க மருந்து கொடுத்துத்தானே அறுக்கிறார்கள்? பிறகு எங்கிருந்து வலி?

அமெரிக்க வேளாண் துறை, ஆய்வு விலங்குகளின் வலியை எழுத்து போட்டுப் பிரித்திருக்கிறது. 'சி' என்றால் வலி இல்லாத அல்லது ஊசி குத்தும் அளவுக்கான வேலை. 'டி' என்றால் வலி உண்டு, ஆனால் மருந்து கொடுத்து அடக்கப்படுகிறது. 'இ' என்றால் வலி உண்டு, மருந்தும் இல்லை. மார்பைத் திறக்கும் அறுவையில் மயக்க மருந்து கொடுத்துவிட்டால் அது 'டி'-க்குள் அடங்கிவிடும். ஆகவே 'இ' பட்டியலை மட்டும் பார்த்து "நாய்க்கு வலியே இல்லை" என்று யாராவது சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள்.

பைபாஸ் செய்துகொண்ட உங்கள் அப்பாவைக் கேட்டுப்பாருங்கள். அறுவையின்போது அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதற்கப்புறம் ஒரு மாதம், இருமும்போதெல்லாம் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமியிருப்பார். தலையணையைக் கொண்டுவந்து கொடுக்க நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்.

ஏன் நாய்? அதிலும் எங்கே பார்த்தாலும் பீகிள் என்கிறார்களே, ஏன்?

நாயின் இதயமும் ரத்தக்குழாய்களும் கருவி பொருத்தும் அளவுக்குப் பெரியவை. ட்ரெட்மில்லில் ஓடப் பழக்கலாம். வெய்ன் ஸ்டேட் ஆய்வுக்குப் பெரிய நாய்கள் வேண்டியிருந்தன. மருந்துக் கம்பெனி ஆய்வகங்களில்தான் பீகிள் அதிகம். காது தொங்கும் சிறிய நாய் வகை அது. பத்துக் கிலோ சுற்றி எடை, கூட்டமாக அடைத்தாலும் சண்டை போடாது, மன்னிக்கும் குணம். கடிக்காது. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் முத்து இருக்கிறான். வேறொரு மாநிலத்தின் ஆய்வகத்திலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட பீகிள். இடது காதை மடித்துப் பார்த்தால் உள்ளே நீலத்தில் எண்கள் பச்சை குத்தியிருக்கும். வந்த அன்று புல்லில் விட்டபோது ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தான், சுடு மணலில் நடக்கிறவனைப் போல. கம்பித் தரையில் வளர்ந்த கால்விரல்கள் விரிந்து பரந்து இருந்தன. மாடிப்படி என்றால் என்னவென்றே தெரியாது.

முதல் வாரத்தில் நான் எப்போது அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாலும், முன்னங்காலை நீட்டி என் மடியில் வைத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். "அம்மா, கை குலுக்குறான்!" என்று மகன் சிரித்தான். எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. கால்நடை மருத்துவரிடம் போனபோது அவரிடமும் அதையே செய்தான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரத்தம் எடுக்க நீட்டிப் பழகின கால் இது" என்றார். அன்று வீட்டுக்கு வரும்வரை காரில் யாரும் பேசவில்லை.

ஊசி குத்துகிற கைக்கு, குத்தும் முன்பே காலை நீட்டிக்கொடுக்கிற பிராணி அது. நான் இந்த வேலையில் இறங்கியதற்கு வேறு காரணம் கிடையாது.

"அக்கா, எங்கம்மா முப்பது வருஷமா இன்சுலின் போட்டுக்கிறாங்க. அது நாயிலிருந்துதானே வந்தது? அப்ப அது தப்பா?"

இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பிக்கு அன்று வாசலில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஆமாம், நாயிலிருந்துதான் வந்தது. 1921 கோடையில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்தை எடுத்துச் சர்க்கரை நோய் வரவைத்து, கணையச் சாற்றை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். மார்ஜரி என்ற நாய் அதனால் பல வாரம் உயிரோடிருந்தது. 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரிவரவில்லை. கொலிப் என்பவர் சாற்றைச் சுத்திகரித்துத் தந்தபின் பையன் தேறினான். அதற்கு முன் அந்த நோய் வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊசி பத்து வருடம் தாமதமாக வந்திருந்தால் அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிழைத்திருக்க மாட்டார்கள். இதை மறைத்துவிட்டு நான் வாதாடினால் அது பொய். 1944-ல் பால்டிமோரில் உடல் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்குச் செய்த இதய அறுவையும் முதலில் நாய்களில் பழகியதுதான். விவியன் தாமஸ் என்ற கறுப்பினத் தொழில்நுட்பர் அதைப் பழகிக் கைவரப்பெற்றார். அவர் அறுவை செய்து பிழைக்கவைத்த அன்னா என்ற நாயின் படம் அந்த மருத்துவமனையிலேயே மாட்டப்பட்டிருந்தது.

ஆனால் டொராண்டோவில் நாயிலிருந்து பையனுக்கு வர ஆறேழு மாதம்தான் ஆனது. டெட்ராய்ட்டில் முப்பது ஆண்டு. இந்த நாய் ஆய்விலிருந்து நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்த சிகிச்சை எது என்று அந்த மருத்துவர்கள் அமைப்பு கேட்டுக்கொண்டே இருக்கிறது. கட்டுரைகள் வந்திருக்கின்றன. அம்மா வாங்கிச் சாப்பிடும்படி மாத்திரை வரவில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

இன்னொன்று, தம்பி. அம்மா இன்று போடுவது நாயிடமிருந்தோ மாட்டிடமிருந்தோ எடுத்த இன்சுலின் அல்ல. 1982 முதல் மனித இன்சுலினையே பாக்டீரியாவுக்குள் வளர்த்து எடுக்கிறார்கள். மார்ஜரிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனைக் காட்டி இன்னொரு நாயைப் பிடித்துக்கொண்டுவருவது எனக்கு ஒப்பவில்லை.

நாய் வேண்டாம் என்றால் இதய நோயை எப்படி ஆராய்வது?

மனிதர்களிடம். நான் மருத்துவர் அல்ல, ஆனாலும் படித்தவரையில் இதயத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

மாசசூசெட்ஸில் ஃப்ரேமிங்ஹாம் என்று ஒரு சிற்றூர். 1948-ல் அங்கே 5,209 பேரைச் சேர்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்த்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். இன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்கூடச் சேர்ந்து ஆய்வு தொடர்கிறது. உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட் மூன்றும் இதயத்துக்கு எமன் என்று உங்கள் டாக்டர் இன்று சொல்கிறாரே, அதற்கு வலுவான ஆதாரம் தந்தது அந்த ஊர்.

இதயச் செயலிழப்பில் சமீபத்தில் வந்த பெரிய முன்னேற்றத்தைப் பாருங்கள். டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள். ஊரில் உங்கள் மாமாவின் மாத்திரை டப்பாவில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சர்க்கரை நோயாளிகளிடம் இவை இதயத்துக்குக் கெடுதல் செய்கின்றனவா என்று பார்க்கப்போனவர்கள், 2015-ல், எதிர்பாராமல் இதயச் செயலிழப்பு குறைவதைக் கண்டார்கள். 2019-ல் 4,744 நோயாளிகளிடம் சோதித்து உறுதிசெய்தார்கள், அதில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரையே கிடையாது. இந்த மாத்திரைகளும் தொடக்கத்தில் விலங்குகளில் பாதுகாப்புச் சோதனைக்குப் போனவைதாம். ஆனால் இதயத்துக்கு நல்லது என்பதைக் காட்டிக்கொடுத்தவர்கள் நோயாளிகள்.

நாய் ஏன் பொருந்தவில்லை என்பதும் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. மனிதருக்கு இதயம் தளர்வது இருபது முப்பது வருடச் சர்க்கரை, அழுத்தம், அடைபட்ட குழாய், வயது எல்லாம் கூடி. இளம் நாயின் இதயத்தைச் சில வாரம் அடித்து ஓட்டித் தளரவைக்கிறார்கள். அந்த ஓட்டத்தை நிறுத்தினால் இதயம் பெருமளவு பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. உங்கள் மாமாவின் இதயம் அப்படித் திரும்புமா?

மாற்று இதயம் பொருத்தும்போது எடுக்கப்படும் நோயுற்ற மனித இதயங்கள், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்துத் தட்டில் துடிக்கும் மனித இதயத் திசு என்று இன்று வேறு வழிகளும் உள்ளன. 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத்தையே திருத்தியது. புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்று 1938 முதல் இருந்த விதி போய்விட்டது. இந்தியாவும் 2023 மார்ச்சில் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி விலங்கில்லா முறைகளுக்கு இடம் கொடுத்தது.

ஏன் பொதுப் பல்கலைக்கழகங்களை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்கள்? தனியார் கம்பெனிகள் இதைவிட அதிகம் செய்கிறார்களே?

செய்கிறார்கள்தான். ஆனால் தனியார் கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே என்ன நடக்கிறதென்று நமக்குத் தெரியாது. பொதுப் பல்கலைக்கழகம் நம்முடையது. நம் ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது அல்லவா, மிச்சிகனில் அதுபோன்ற சட்டம் 1976 முதல் இருக்கிறது. குவீனியின் கதை தெரியவந்தது இப்படி ஆவணங்களைக் கேட்டு வாங்கிய பிறகுதான்.

அதற்கும் மேல் ஒன்று, இங்கே இருபது வருடம் இருந்தவர்களுக்கே தெரியாதது. வெய்ன் ஸ்டேட், மிச்சிகன் பல்கலைக்கழகம், மிச்சிகன் ஸ்டேட் ஆகிய மூன்றின் ஆட்சிக்குழு உறுப்பினர்களையும் மாநிலம் முழுக்க வாக்காளர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 8 பேர், 8 ஆண்டுப் பதவிக்காலம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு இடங்களுக்குத் தேர்தல். வாக்குச்சீட்டில் ஜனாதிபதி, கவர்னர் எல்லாம் தாண்டி கீழே இந்தப் பெயர்கள் இருக்கும். பெரும்பாலோர் அங்கே வருமுன் களைத்துப்போய்ச் சீட்டைப் போட்டுவிடுகிறோம். நானும் இரண்டு தேர்தலில் அப்படித்தான் செய்தேன். இனி அந்த வேட்பாளர்களிடம் நாய் ஆய்வைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள்.

ஏற்கெனவே சட்டம் இருக்கிறது, கமிட்டி இருக்கிறது. இன்னொரு சட்டம் எதற்கு?

1965-ல் பென்சில்வேனியாவில் பெப்பர் என்ற நாய் திருடுபோனது. அதுவும் டால்மேஷன். வியாபாரிகள் கை மாறி நியூயார்க்கில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்துக்குப் போய், இதயத் துடிப்புக் கருவி வைத்துப் பார்க்கும் சோதனையில் செத்தது. வீட்டுக்காரர்கள் தேடிக்கண்டுபிடிப்பதற்குள் எரித்தும் விட்டார்கள். பத்திரிகைகளில் வந்தபின் நாடே கொதித்து, 1966 ஆகஸ்டில் ஜனாதிபதி ஜான்சன் விலங்கு நலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இன்றுவரை அதுதான் அடிப்படைச் சட்டம். நாற்பத்தைந்து வருடம் கழித்து இன்னொரு டால்மேஷன், இன்னொரு வியாபாரி, இன்னொரு இதய ஆய்வு. குவீனிக்கு நடந்த எதுவும் அந்தச் சட்டத்துக்கு விரோதமாகக் கொள்ளப்படவில்லை.

அந்தச் சட்டம் கூண்டின் அளவு, தண்ணீர், மருத்துவர், மயக்க மருந்து பற்றிச் சொல்கிறது. எந்தச் சோதனையையும் செய்யக்கூடாது என்று அது சொல்வதில்லை. 1985-ல் திருத்தி, ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு கமிட்டி இருக்கவேண்டும் என்றார்கள். ஒரு கால்நடை மருத்துவர், நிறுவனத்தைச் சேராத ஒருவர் கட்டாயம். ஆனால் மற்றவர்கள் பெரும்பாலும் அதே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள். பக்கத்து அறைக்காரரின் ஆய்வுக்கு நிதி வந்தால் நிறுவனத்துக்கும் பங்கு வரும். அந்த இடத்தில் உட்கார்ந்து "வேண்டாம்" என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

காப்பகத்து நாய்களை வியாபாரி மூலம் வாங்கும் வழக்கம் ஏறத்தாழ ஒழிந்துவிட்டது. 2014 இறுதியிலிருந்து அமெரிக்காவின் மத்திய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் (என்ஐஎச்) அத்தகைய நாய்களுக்குப் பணம் தருவதில்லை. ஆய்வுக்கென்றே வளர்க்கப்படும் நாய்கள் வந்துவிட்டன.

போராடினால் பல்கலைக்கழகம் கேட்குமா? எங்காவது நடந்திருக்கிறதா?

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதுவும் பொதுப் பல்கலைக்கழகம். தசைச் சிதைவு நோயோடு பிறக்கும்படி கோல்டன் ரெட்ரீவர் நாய்களை இனப்பெருக்கம் செய்து ஆராய்ந்தார்கள். விழுங்க முடியாமல், எச்சில் ஒழுக, கூழ் போன்ற உணவைத் தின்னும் நாய்களின் வீடியோ 2016 இறுதியில் வெளியானது. பல்கலைக்கழகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் யாராவது இதைப் பற்றி எழுதினால் சில வார்த்தைகளை வைத்துத் தானாகவே மறையும்படி செய்திருந்தார்கள். அது பேச்சுரிமைக்கு விரோதம் என்று 2018-ல் வழக்குப் போனது, 2020-ல் சமரசத்தில் முடிந்தது. அதற்கு முன்பே, 2019-ல், இனப்பெருக்கத்தை நிறுத்திவிட்டார்கள்.

2025 மே மாதம் மத்திய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் தன் வளாகத்திலேயே இருந்த கடைசி பீகிள் ஆய்வகத்தை மூடியதாக அறிவித்தது. கேட்டுக்கொண்டே இருந்ததால் நடந்தது.

"இது பீட்டா வேலைதானே? ஜல்லிக்கட்டைத் தடுத்தவங்களுக்கு நாங்க ஏன் கையெழுத்துப் போடணும்?"

இதைக் கேட்காத தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை. 2017 ஜனவரியில் இங்கே உறைபனியில் கையில் அட்டை பிடித்து ஜல்லிக்கட்டுக்காக நின்றவர்களில் நானும் என் வீட்டுக்காரரும் உண்டு. டெக்சஸ் வீடியோவை வெளியிட்டது பீட்டாதான், அதை மறைக்கவில்லை. ஆனால் மிச்சிகனில் குவீனி சட்டத்துக்காக முன்னால் நிற்பது அந்த மருத்துவர்கள் அமைப்பு. டெட்ராய்ட்டில் பிறந்து வெய்ன் ஸ்டேட்டில் படித்த நடிகை லிலி டாம்லின் தன் பழைய பல்கலைக்கழகத்திடமே இதை நிறுத்தச் சொன்னார். காளையைத் தழுவுகிறவன் அதைப் பிள்ளைபோல வளர்க்கிறான் என்று அன்று உலகத்துக்குச் சொன்னோம். உண்மையாகத்தான் சொன்னோம். அதே வாயால்தான் இன்று இதைச் சொல்கிறேன்.

கோழி சாப்பிடுகிறோமே?

நானும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுகிறேன். கையெழுத்துப் போட சைவமாக வேண்டியதில்லை.

நாய்க்குப் பதில் எலியை எடுப்பார்கள். அது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். எலிக்கும் வலிக்கும். விலங்கு நலச் சட்டம் ஆய்வக எலியை விலங்காகவே கணக்கில் எடுப்பதில்லை என்பது இன்னும் கொடுமை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் எதுவும் கிடைக்காது. கிடைக்கக்கூடியதை முதலில் கேட்கிறேன்.

ஊரில் வெறிநாய் கடித்துப் பிள்ளைகள் சாகின்றன. நீங்கள் அமெரிக்க நாய்க்கு அழுகிறீர்கள்.

வெறிநோய் எவ்வளவு கொடியது என்று தெரியும். எங்கள் தெருவில், நான் பள்ளியில் படித்தபோது, கடிபட்டு ஊசி போடாமல் விட்ட ஒரு அண்ணன் தண்ணீர்ச் செம்பைப் பார்த்து நடுங்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதற்கு வழி தடுப்பூசியும் கருத்தடையும், கடிபட்டவுடன் ஊசியும். சென்னையில் ப்ளூ கிராஸ் 1964-லேயே நாய்க் கருத்தடையைத் தொடங்கியது. மாநகராட்சிகள் அதை ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று கேளுங்கள், நானும் கூட வருகிறேன். டெட்ராய்ட் ஆய்வகத்தில் ஒரு நாய் செத்தால் மதுரையில் ஒரு குழந்தை பிழைக்கப்போவதில்லை.

இந்தியாவில் நிலைமை என்ன?

சட்டத்தில் நாம் முன்னால்தான் இருந்தோம். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாதான் 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. வேறு வழியில் அறிய முடிந்தால் விலங்கைத் தொடாதே, சிறிய விலங்கு போதுமென்றால் பெரிய விலங்கை எடுக்காதே என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆய்வு முடிந்த விலங்குக்கு மறுவாழ்வு தரும் பொறுப்பும் ஆய்வகத்துக்கு உண்டு என்பது பிறகு வந்த விதி. 2014-ல் அழகுசாதனப் பொருள்களுக்கான விலங்குச் சோதனை தடைசெய்யப்பட்டது.

2012-ல் சீனாவிலிருந்து 70 பீகிள்கள் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கின, பெங்களூரு ஆய்வகம் ஒன்றுக்காக. விலங்குநல ஆர்வலர்கள் விடவில்லை. அந்த நாய்கள் ஆய்வகத்துக்குப் போகாமல் ப்ளூ கிராஸுக்கு வந்து, வீடுகளுக்குத் தத்துப்போயின.

"என் பொண்ணு வெய்ன் ஸ்டேட்ல பிஎச்டி பண்றா. அவளுக்குப் பிரச்சினை வராதே?"

வராது. நாய்களுக்கு வலிதரும் சோதனை மட்டும்தான் மசோதாவின் இலக்கு. கால்நடை மருத்துவமனையில் நோயுற்ற நாய்க்குச் செய்யும் சிகிச்சையும் இதில் அடங்காது. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. முத்துவை அனுப்பியபோது கூண்டு சுத்தம் செய்த பெண் ஒரு பழைய போர்வையையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். "இது இல்லாமல் தூங்க மாட்டான்" என்று அதில் ஒரு சீட்டு குத்தியிருந்தது.

விசாவில் இருக்கிறோம். நாங்கள் என்ன செய்ய முடியும்?

தேர்தல் நன்கொடை மட்டும் கொடுக்கவே கூடாது. கிரீன் கார்டு இல்லாதவர்களுக்கு அது சட்டவிரோதம். உங்கள் பகுதி மாநில பிரதிநிதிக்குக் கடிதமோ மின்னஞ்சலோ எழுதலாம், அதற்குக் குடியுரிமை தேவையில்லை. பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் பொதுக் கூட்டத்தில் யாரும் பெயர் கொடுத்துச் சில நிமிடம் பேசலாம். இன்றைய சூழ்நிலையில் பெயர் வெளியே வருவது பயமாக இருக்கிறதென்றால் ஒதுங்கியிருங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன். குடியுரிமை வாங்கிய நண்பர் ஒருவரிடம் இதை எடுத்துச் சொன்னால் போதும்.

தலைநகர் லான்சிங்கில் இருக்கும் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் 110 பேர், மேலவையில் 38 பேர். இரண்டு ஆண்டுக் கூட்டத்தொடர் முடிவதற்குள் நிறைவேறாத மசோதா செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து. குவீனி மசோதா இப்படி ஒரு முறைக்கு மேல் செத்துப் பிழைத்திருக்கிறது. ஆகவே ஒரே ஒரு கடிதத்தோடு நிறுத்தாதீர்கள். நகல் எழுதி ஒட்டாமல் இரண்டு வரியானாலும் சொந்தமாக எழுதுங்கள்.

தடை வந்தால் அங்கிருக்கும் நாய்கள் என்ன ஆகும்? ஆய்வகத்து நாயை வீட்டில் வளர்க்க முடியுமா?

மேற்கு மிச்சிகன் ஆய்வகம் ஒன்றில் பயிர்ப் பூஞ்சைக்கொல்லி மருந்துச் சோதனைக்கு வைத்திருந்த 36 பீகிள்கள் 2019-ல் விடுவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று டெடி. அவன் பெயரால் வந்த 'டெடி சட்டம்' 2025 ஜனவரியில் கையெழுத்தானது. ஆய்வு முடிந்த நாயையும் பூனையையும் கொல்லாமல் தத்துக்குக் கொடுக்க ஆய்வகங்கள் முன்வரவேண்டும் என்கிறது அது. ஆகவே வழி திறந்திருக்கிறது.

வளர்க்கலாம். பொறுமை வேண்டும். முதல் மாதம் வீட்டில் மிக்ஸி ஓட்டாதீர்கள். நாங்கள் சட்னியைப் பக்கத்து வீட்டில் அரைத்துக்கொண்டோம். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு துண்டு கேரட் வைத்து ஏறப் பழக்கினோம், பதினோரு நாள் ஆனது. மூத்திரம் எங்கே போவதென்று தெரியாது, திட்டினால் பயந்து மறுபடி அங்கேயே போகும். கதவைத் திறந்துவைத்தாலும் சொல்லாமல் வெளியே போகமாட்டான், அதைப் பழக்கிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள், அது பயம். தயிர்சாதம் எல்லாருக்கும் ஒத்துவராது, முத்துவுக்கு ஒத்துக்கொண்டது. முன்னங்காலை நீட்டுவதை நிறுத்த ஒன்றரை வருடம் ஆயிற்று. இப்போது பக்கத்தில் உட்கார்ந்தால் முதுகைக் காட்டிச் சாய்ந்துகொள்கிறான்.